ஹயக்ரீவன் வாசித்துக் காட்டிய மடல்கள்

ஹயக்ரீவனுக்கு வலது காது முழுக்கப் போய்விட்டிருந்தது. இடது காதில் மெஷினை மாட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைப் பார்த்தபடி கேட்டால் பேச்சு பிடிபடும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் ஹாலில் பத்தொன்பது வருஷம் சூப்பர்வைசராக நின்றதில் வந்தது அது. காது போன பிறகு அவரை ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் தொடப் பயந்து ஒதுங்கினார்கள். யாரோடும் பேச வேண்டாத வேலையாயிற்றே என்று இவர் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். தொண்ணூற்றாறில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.டி.பி. கடை போட்டார். கல்யாணப் பத்திரிகை, பாலிடெக்னிக் பையன்களின் ப்ராஜெக்ட், கலெக்டருக்கு மனு, இப்படி ஏதாவது வந்துகொண்டிருந்தது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறி வந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். ஒரு காலத்தில் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர்களில் அவரும் ஒருவர். காது மந்தமான பிறகு மற்றவர்கள் அடுத்த பாசுரத்துக்குப் போயிருக்க, இவர் மட்டும் முந்தையதைச் சொல்லிக்கொண்டு நின்றார். இரண்டு தடவை அப்படி ஆனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை ஆகாமல் அவரே விலகிக்கொண்டார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து வரும் வார்த்தைகள் வரவரக் குறைந்தன. மனைவி ஸாவித்ரி சொல்ல வேண்டியதை சிலேட்டில் எழுதிக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டு ஆரம்பத்தில் அமெரிக்காவிலிருந்த மைத்துனர் மகன் நம்பி ஒரு யோசனை எழுதியிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்களையெல்லாம் சேர்த்து ‘நம்மூர்’ என்று ஒரு ஈமெயில் குழு தொடங்கியிருந்தான். யார் எழுதினாலும் முதலில் ஒருவருக்கு வரும். அவர் படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் எல்லாருக்கும் அனுப்புவார். ‘ஊரிலேயே இருக்கிறவர்தான் இதற்குச் சரி, அத்திம்பேர். உங்களைவிடப் பொறுமையான ஆள் எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தான்.

ஹயக்ரீவன் அதை ஒரு பெரிய கைங்கரியமாகவே எடுத்துக்கொண்டார். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் டெலிபோன் வழியாக மதுரைக்கு லைன் போட்டு மடல்களை இறக்குவார். மோடம் கத்துவது அவருக்குக் கேட்காது. அதன் விளக்கு எரிவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். லைனைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். தேர்த் திருநாள் எப்போது, பால்கோவாவைக் கெடாமல் அனுப்ப வழி உண்டா, ஐயனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருப்பார்கள். இவர் விசாரித்துப் பதில் எழுதுவார். நூற்றெண்பது பேர் அவரோடு பேசினார்கள். ஒருவரையும் ‘என்ன சொன்னீங்க?’ என்று இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆறு மாசமும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஆடி மாசம், தளவாய்புரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்ட முப்பத்தொரு பிள்ளைகள் வாந்தி எடுத்து மயங்கின. எல்லாம் இரண்டு நாளில் தேறி வீடு திரும்பின. ஆனால் அதற்குள் ஒரு மாலைப் பத்திரிகை, சத்துணவு அமைப்பாளர் பரிபூரணத்தின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, ‘சாம்பாரில் விஷம் கலந்தது இவரா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்டுவிட்டது. அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். ஆறு வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. சாம்பாரில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவியிருக்கிறார்கள். அதே பத்திரிகை இதை ஏழாம் பக்கத்தில், வரி விளம்பரங்களுக்கு மேலே, நான்கு வரியில் போட்டது. படம் போடவில்லை.

மஸ்கட்டில் இருந்த ஒருவர் இரண்டு செய்தியையும் ஸ்கேன் எடுத்து ‘நம்மூர்’ குழுவுக்கு அனுப்பி, ‘இது நியாயமா?’ என்று கேட்டார். ஹயக்ரீவன் நல்ல கேள்வி என்று நினைத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அன்றைக்குத் தொடங்கியது ஓயவே இல்லை. நியூ ஜெர்சியிலிருந்த சேதுபதி என்ற கம்ப்யூட்டர் இன்ஜினியர் பத்திரிகையின் பக்கம் நின்றார். ‘அவர்கள் கேள்விதான் கேட்டார்கள், தீர்ப்புச் சொல்லவில்லை. கேள்வி கேட்பது பத்திரிகையின் கடமை’ என்பது அவர் கட்சி. சிங்கப்பூரிலிருந்த அரவிந்தவல்லி, ‘ஒரு ஏழை விதவையின் வாழ்க்கையைக் குலைத்துவிட்டார்கள்’ என்று எழுதினார். நாலு வரி மறுப்பு போதும் என்று ஒரு கூட்டம், போதாது என்று ஒரு கூட்டம். ‘நெருப்பில்லாமலா இவ்வளவும்? சத்துணவில் அரிசி திருடாதவள் யார்?’ என்று கேட்கவும் ஆள் இருந்தது. பத்து நாளில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு அதையே திரும்பச் சொன்னார்கள். நாளுக்கு நாற்பது மடல் வந்தது. தேர்த் திருநாளைப் பற்றிக் கேட்பார் யாருமில்லை.

ஹயக்ரீவன் ஒரு நோட்டுப் போட்டார். எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தால் மொத்தமே ஏழு கருத்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, யார் எதை எத்தனை தடவை சொன்னார்கள் என்று குறித்தார். ‘தங்கள் மடல் மூன்றாம் கருத்தைச் சேர்ந்தது. இதை ஏற்கெனவே நாற்பத்திரண்டு பேர் சொல்லிவிட்டதால் வெளியிட இயலவில்லை’ என்று பதில் போட்டார். ‘நான் நாற்பத்து மூன்றாவது ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று அந்த ஆள் திருப்பி எழுதினார். வெளியிடாமல் வைத்தால், பத்திரிகையிடம் கை நீட்டிவிட்டார் என்றார்கள். வெளியிட்டால், பத்திரிகைமேல் பகை என்றார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நானூறு மடல் தாண்டிவிட்டது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவருக்குத் தெரியும். பரிபூரணம் அவர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். விதவை இல்லை, கணவன் சீனிச்சாமி லாரியில் கிளீனர். சோதனை முடிவு வந்த பிறகும் சஸ்பென்ஷன் உத்தரவு ரத்தாகாமல் கிடந்ததால், மனு டைப் அடிக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவரிடம்தான் வந்தாள். ஊரில் தபால்காரர் கொடுக்கிற கவர் கைமாறிப் போகிறது என்று கடை விலாசத்தையே மனுவில் போட்டிருந்தாள். இருநூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துப் பழகிய குரல் அவளுடையது. ஹயக்ரீவனுக்கு மெஷினைத் திருகாமலே கேட்டது. அவளைப் பற்றி உலகம் பூராவும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவர் லைன் போட்டிருந்தபோது அவள் உள்ளே வந்துவிட்டாள். யாரோ அந்தப் பழைய படத்தை மறுபடி அனுப்பியிருந்தார்கள். அது மேலிருந்து கீழாக, கோடு கோடாகத் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அது நான்தான சார்?”

ஹயக்ரீவன் திரையை மறைக்கப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் குனிந்து, ஆங்கில எழுத்தில் இருந்த தன் பேரை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பத்தாவது வரை படித்தவள். மீதி இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவில்லை.

“இதுல எதுக்கு சார் எம் படம்?”

“வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரா எல்லாம் இதுல கடுதாசி எழுதிக்கிறா அம்மா. அந்தப் பேப்பர்காரன் பண்ணினதைப் பத்திப் பேசறா.”

“என்னைப் பத்தியுமா?”

“ஆமா.”

அவள் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். புடவையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. “என்ன எழுதியிருக்காவ? செத்த வாசிச்சுக் காட்டுங்க.”

அந்தப் படத்தோடு வந்திருந்தது அரிசித் திருட்டு மடல். அவர் அதை நகர்த்திவிட்டு, அரவிந்தவல்லி எழுதியதைத் தேடி எடுத்து, ‘விதவை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார். அவள் அசையாமல் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க ஊர்ல ஒரு ஆள் இப்படிச் சொல்லல சார். எங்கண்ணன் பொண்டாட்டி சீனியம்மா, இப்பவும் நான் குடுத்த காப்பியக் குடிக்க யோசிப்பா. இவிய யாரு எவருன்னே எனக்குத் தெரியாது. இன்னொண்ணு வாசிங்க.”

இன்னொன்று அந்த மாதிரி இல்லை. ஹயக்ரீவன் திரையைப் பார்த்தபடி, இல்லாத ஒரு மடலை வாசித்தார். சௌதியிலிருந்து ஒரு டிரைவர் எழுதியதாக. தான் சின்ன வயசில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் என்றும், பரிமாறிய கையை மறக்க முடியாது என்றும். வாய் திறந்தபோது அவருக்கே தெரியாது இதைச் சொல்லப்போகிறோம் என்று. அவ்வளவு சரளமாக வந்தது.

“அவியளுக்கு நான் பதில் சொல்லணுமே” என்றாள் பரிபூரணம்.

அன்று அவள் சொன்ன பதிலை அவர் உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்துக் குழுவுக்கு அனுப்பினார். ‘நான் பரிபூரணம், லாரி கிளீனர் சீனிச்சாமியின் மனைவி. அந்தச் சாம்பாரை நானும் சாப்பிட்டேன். என் மகளும் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதைப் பத்திரிகைக்காரர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு நன்றி.’ அவ்வளவுதான். நானூறு மடலில் இல்லாத செய்தி இது, இதைப் படித்த பிறகாவது அடங்குவார்கள் என்று நம்பினார்.

மறுநாள் அறுபத்தொரு மடல் வந்தது. ஒரு சத்துணவு ஆயாவுக்கு ஏது ஈமெயில் என்று கேட்டார்கள். இது குழு நடத்துகிறவரே கட்டிவிட்ட கதை என்றார்கள். மகள் ஆஸ்பத்திரியில் இருந்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்றார்கள். சேதுபதி நீளமாக எழுதியிருந்தார்: ‘அனுதாபம் தேடுவது ஆதாரம் ஆகாது.’ அரவிந்தவல்லிக்கு, அவள் விதவை இல்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. பிறகு அந்த ஏழு கருத்தும் ஒன்றிலிருந்து வரிசையாக மறுபடி வரத் தொடங்கின.

சனிக்கிழமை அவள் மனுவை மறந்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்டாள். “பதில் வந்துச்சா சார்?”

“நிறைய வந்திருக்கு” என்றார் ஹயக்ரீவன். அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய்.

கார்த்திகை, மார்கழி முழுக்க அது நடந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று மடல் வாசித்தார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்துக்கொள்வார். உண்மையான பேர்களையே எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார். சேதுபதியை மனம் மாற வைத்தார். ‘எங்கள் அம்மாவும் ஒரு தடவை வீண்பழி சுமந்தாள், அதை மறந்துவிட்டு உங்களைப் பேசினேன், மன்னித்துவிடுங்கள்’ என்று அவரை எழுத வைத்தார். அதை அவள் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு பதில் சொன்னாள். சேதுபதியின் அம்மா சௌக்கியமா, அமெரிக்காவில் சேதுபதிக்கு வேலை, சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டாள். அவர் அதை அடித்தார், அனுப்பவில்லை. ஒரு பிளாப்பியில் போட்டு வைத்தார். அவள் முகம் தெளிந்துவருவது அவருக்குத் தெரிந்தது. “ராத்திரி தூங்குதேன் சார்” என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கும் அந்தச் சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதைப் பற்றி ஸாவித்ரிக்குக்கூட அவர் மூச்சுவிடவில்லை.

தை பிறந்ததும் சேதுபதி ஊருக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தங்கைக்குக் கல்யாணம். இத்தனை மாசம் தன்னோடு மல்லுக்கட்டிய ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு சாக்லெட் டப்பாவோடு கடைக்கு வந்து நின்றார். முப்பது வயசு இருக்கும். சிரித்த முகம். ஹயக்ரீவனின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னோட எத்தனை மெயிலை நீங்க குப்பையில போட்டீங்க சார், உண்மையைச் சொல்லுங்க” என்றார்.

அது சனிக்கிழமை என்பது ஹயக்ரீவனுக்கு நினைவு வந்தது. அவரை அழைத்துக்கொண்டு எங்காவது காபி சாப்பிடப் போகலாம் என்று எழுந்தார். வாசலில் பரிபூரணம் வந்துவிட்டாள்.

வந்தவரிடம் அவள் பேச்சுக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பேண்ட்டும் பளபளத்த டப்பாவும் பார்த்து, “சார் எந்த ஊரு?” என்று அவளே கேட்டாள்.

“சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தாங்க. இப்போ அமெரிக்காவுல. சேதுபதின்னு பேரு.”

அவள் கும்பிட்டாள். “நீங்கதானா தம்பி. நான் பரிபூரணம். உங்க கடுதாசியத்தான் எத்தனையோ தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அம்மா சௌக்கியமா இருக்காவளா? அவிய மேல பழி போட்டாவன்னு எழுதியிருந்தீங்களே, அத நெனச்சு நெனச்சு அழுதேன்.”

சேதுபதிக்கு முதலில் அவள் யார் என்று புரிந்தது, முகம் வெளுத்தது. பிறகு அவள் சொன்னது புரியவில்லை. “எங்கம்மா மேலயா? நான் அப்படி எதுவும் எழுதலையே” என்றார். சொல்லிவிட்டு ஹயக்ரீவனைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். வெளியே டவுன் பஸ் ஒன்று திரும்பிப் போகும் அதிர்வு தரையில் வந்து ஓய்ந்தது. ஹயக்ரீவன் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார்.

“சார்” என்றாள் பரிபூரணம். குரல் உயரவில்லை. “அதுல என்னதான் இருக்கோ, அத வாசிங்க.”

“வேண்டாம்மா.”

“வாசிங்க. இருக்கிறத இருக்கிறபடி.” அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

அவர் வாசித்தார். அரிசித் திருட்டு மடலை வாசித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டவரின் மடலை வாசித்தார். அடுத்தது சேதுபதியுடையது, அதில் இரண்டு வரி போனதும், “போதும் சார், நிறுத்துங்க” என்று சேதுபதி சொன்னார். ஹயக்ரீவன் அவர் வாயைப் பார்க்கவில்லை. அதனால் கடைசிவரை வாசித்து முடித்தார்.

பரிபூரணம் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“இதெல்லாம் எங்க ஊரு அடிபம்புல பேசினதுதான் சார். அங்கேயும் இதையேதான் மாத்தி மாத்திச் சொல்லுவாவ. கேட்டுக் கேட்டு எனக்கு மரத்துப்போச்சு. நீங்க சொன்னதுதான் புதுசா இருந்துச்சு.”

சேதுபதி ஏதோ சொல்ல வந்தார். “உங்க மேல வருத்தம் இல்ல தம்பி. நீங்க என்னை அறியீங்க” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். மனுவுக்காகக் கொண்டுவந்த பழைய நகல் மேஜையிலேயே கிடந்தது.

நியூ ஜெர்சிக்குத் திரும்பிய சேதுபதி, குழுவுக்கு ஒரு மடல் எழுதினார். அவளைப் பார்த்தேன், நான் எழுதியதெல்லாம் தப்பு, வெட்கமாக இருக்கிறது என்று எழுதினார். ஹயக்ரீவன் அதை உடனே வெளியிட்டார். எண்பத்தெட்டு பதில் வந்தது. ஒரு தடவை நேரில் பார்த்ததால் பத்திரிகை தர்மம் மாறிவிடுமா என்று கேட்டிருந்தார்கள். அவர் நோட்டை எடுத்து, இது எந்த எண் என்று பார்க்க ஆரம்பித்தார். பிறகு மூடிவிட்டார். அன்று மாலையே நம்பிக்கு எழுதினார்: ‘வேறு ஆளைப் பார்த்துக்கொள். எனக்குப் போனது காது மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.’ நம்பி காரணம் கேட்டான். அவர் சொல்லவில்லை. பேச்சு போனபின் சிலேட்டுக்குப் பழகியதுபோல, குழு போனபின் வெறும் கடைக்கும் பழகிக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒருநாள் பேண்டேஜ் கம்பெனிக்குப் போனார். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆளனுப்பிக் கூப்பிட்டதும் அவள் வாசலுக்கு வந்தாள். அவர் கையில் அந்த மனு நகல் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, “தப்புப் பண்ணிட்டேன்மா” என்றார். அவள் பதில் சொன்னாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். தறிச் சத்தம் மெஷினுக்குள் இரைந்தது. ‘பொறவு’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. உதடுகளைப் பார்த்தார், அவள் பாதி நேரம் தரையைப் பார்த்துப் பேசினாள். “என்ன சொன்னேள்?” என்று கேட்டார். அவள் திருப்பிச் சொன்னாள். அப்போதும் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டினார். அவளும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அது மன்னிப்பா, இனி வராதீர்கள் என்றதா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்.

பள்ளிக்கூட லீவு விட்டதும் சீனிச்சாமி குடும்பத்தைத் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டதாகக் கம்பெனி வாட்ச்மேன் ஐயாதுரை சொன்னார்.

ஐப்பசியில் கடை விலாசத்துக்கு ஒரு பழுப்புக் கவர் வந்தது. சஸ்பென்ஷன் ரத்து, விடுபட்ட மாதங்களைப் பணிக்காலமாகக் கருதலாம், முப்பது நாளுக்குள் வேலையில் சேர வேண்டும் என்று உத்தரவு. அவர் அன்றைக்கே தளவாய்புரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து நடந்து, அவள் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தார். சீனியம்மாள் வாசலிலேயே நின்று, திருப்பூர் விலாசம் இருந்த ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். வேறு பேச்சில்லை.

கூடவே இரண்டு வரி எழுதி வைக்கலாமா என்று தபால் ஆபீஸ் மேஜையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பேனாவையும் திறந்தார். அவர் எழுதுகிற எதையும் அவள் நம்பக் காரணமில்லை என்று பட்டது. உத்தரவை மட்டும் உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. சீனிச்சாமி கையெழுத்துப் போட்டிருந்தான். அவள் வேலையில் சேர வந்தாளா என்று அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் விசாரிக்கவில்லை. டிசம்பர் வரை, தபால்காரர் சந்தில் நுழையும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.